ஹெரால்டு வண்டியின் சுழி

தம்பி, இந்த பஸ்ஸு ஒண்டிப்புதூருல நிக்குமுங்களா? கண்டக்டரு நிக்கும்னுதான் சொன்னாரு. இருந்தாலும் இன்னொருத்தர்கிட்டயும் கேட்டுக்கறது எனக்குப் பழக்கமுங்க. மணி என்னுங்க இப்ப? ரெண்டா? மூணரைக்குப் போயிருமுங்களா? போயிரோணுங்க. நாலு மணிக்கு, எங்கக்கா காரப் பாத்துட்டுப் போன மனுசன் பொள்ளாச்சிக்குக் கெளம்பிருவாரு. அங்க வேற ஒரு ஹெரால்டு காரு பாத்து வெச்சிருக்கறாராமா, இன்னைக்கு அட்வான்ஸ் குடுக்கறாராமா. குடுத்துட்டாருன்னா எங்கக்கா கதி அவ்வளவுதானுங்க.

இல்லீங்க, ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. இந்த ரோட்ட நான் வேடிக்க பாக்கறதில்லீங்க. பதினோரு வருசமாச்சு.

பையவே பாக்கறீங்களே. கட்டிப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறானே, என்னமோ பணம் வெச்சிருக்கறான் போலன்னு நெனைக்கறீங்க. பணமெல்லாம் இல்லீங்க. காரு சாவி, ஆர்.சி. புக்கு, அக்கா கையெழுத்துப் போட்டுக் குடுத்த ஃபாரம், அவ்வளவுதான். தெய்வானைங்கற பேர எழுதி முடிக்கறதுக்குள்ள மூணு தடவ மூச்சு வாங்குனாங்க.

நான் மாட்டுத் தரகனுங்க. பேரு சென்னியப்பன். காங்கயத்துப் பக்கம் கேட்டுப் பாருங்க, சென்னியப்பன் சொன்ன வெலைன்னா வித்தவனும் வாய் தொறக்க மாட்டான், வாங்குனவனும் வாய் தொறக்க மாட்டான். கண்ணபுரம் தேர்ச் சந்தையில நாப்பது வருசம் நின்னிருக்கறேன். தோள்ல கெடக்கற துண்ட எடுத்து ரெண்டு பேரு கை மேலயும் போட்டுட்டு, உள்ளார வெரலப் புடிச்சு வெல பேசறது. நீங்க பாத்திருக்க மாட்டீங்க. ஒரு வெரலப் புடிச்சா ஒண்ணு, ரெண்டப் புடிச்சா ரெண்டு, கைய முழுசாப் புடிச்சா அஞ்சு. ஆயரமா பத்தாயரமான்னு மட்டும் முன்னாலயே வாயில சொல்லிக்கோணும். மத்ததெல்லாம் வெரலு பேசும். சுத்தி நூறு பேரு நின்னாலும் ஒருத்தனுக்கும் தெரியாது. துண்டுக்குள்ள சொன்னது வெளிய வராது. இன்னொண்ணு, கைய உள்ள உட்டாச்சுன்னா பேச்சு முடியற வரைக்கும் உருவக்கூடாது. நடுவுல உருவிட்டுப் போனவனோட அப்பறம் எவனும் துண்டு போட மாட்டான். இத ஞாபகத்துல வெச்சுக்கங்க தம்பி. இது முக்கியமுங்க.

அக்காவுக்கு இருதயத்துல வால்வு கெட்டுப் போச்சுங்க. ஆப்பரேசன் பண்ணோணும். காப்பீட்டு அட்டைல ஒரு பங்கு வருது, அதுக்கு மேல மூணே கால் லட்சம் நாம கட்டோணும். வர்ற வியாழக்கெழமக்குள்ள கட்டுனாத்தான் தேதி குடுப்பாங்க. இந்தத் தேதிய உட்டா அந்த டாக்டரு வெளிநாடு போயிட்டு ஒன்றர மாசம் கழிச்சுத்தான் வர்றாரு. ஒன்றர மாசம் தாங்குமான்னு கேட்டேன். அவரு மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. இன்னைக்குச் செவ்வாய்க்கெழமைங்க.

எங்கிட்ட இருந்தா நான் குடுத்திருக்க மாட்டனுங்களா? ரெண்டு எருமை இருந்துச்சு. டெஸ்டு எடுக்கறதுக்கே ரெண்டும் போயிருச்சு. அக்காவுக்குப் புள்ள குட்டி இல்லீங்க. மாமா போனதுக்கப்பறம் எண்ணெ மில்லையும் அவரு வழி ஒரம்பரைக, சொந்தக்காரங்க, பாகம் பிரிச்சு எடுத்துட்டாங்க. மிச்சம் நிக்கறது அந்தக் காரு ஒண்ணுதான். மாமான்னா அக்கா ஊட்டுக்காரருங்க, குழந்தைவேலுன்னு பேரு. எழுவதுல மெட்ராசுல எடுத்து அவரே ஓட்டிட்டு வந்தாரு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மோருத் தண்ணிக் கலரு. பானட்டத் தூக்குனா மட்கார்டோட மூஞ்சி முழுசும் எந்திரிச்சு முன்னால சாயும். மொத நாளு அதப் பாத்துட்டு மில்லு ஆளுக, காரு ஒடஞ்சு போச்சுன்னு கத்துனாங்க.

போன மாசம் அக்கா என்னையக் கூப்புட்டு, சென்னி, வண்டிய வித்துரலாம், உன்ற வாயால ஒரு வெல சொல்லு, எச்சாவும் வேண்டாம் கம்மியும் வேண்டாம், நாயமா இருக்கோணும்னாங்க. எனக்கு நெம்பப் பெருமைங்க. சிரிக்காதீங்க. மாட்டுக்கு வெல சொல்றவன் காருக்கு என்னத்தச் சொல்லுவான்னு ஊரே சிரிச்சுது. நாலு காலு இருக்கறதுக்கெல்லாம் நான் வெல சொல்லுவேன்னு சொல்லிப்போட்டு வேலையில எறங்குனேன்.

அப்பிடியே ஒரு வாரம் அலஞ்சனுங்க. செல்லுல பாக்கச் சொன்னாங்க. பக்கத்தூட்டுப் புள்ள பாத்துச் சொல்லுச்சு, அதே காருக்கு ஒருத்தன் எட்டு லட்சங்கறான், ஒருத்தன் எழுவதாயரங்கறான். இதெல்லாம் ஒரு வெலைங்களா? மாட்டக் கண்ணுல பாக்காம வெல சொல்றவன் திருடனுங்க. நான் தாவூது பாய் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மொத நாளுலருந்து அந்த வண்டியப் பாக்கறது அவருதான். மூணு நாளு அங்கயே உக்காந்து ஒவ்வொண்ணாக் கேட்டேன். மாட்டுக்குப் பல்லுப் பாக்கறாப்புல டயரு பாத்தேன். நடை பாக்கறாப்புல ஓட்டிப் பாக்கச் சொன்னேன். இஞ்சினு தொட்டதில்ல, அசலு. டிக்கிக்கு அடியில துரு, அதுக்கு இருவதாயரம் கழி. பழைய நம்பரு மாறுல, எஃப்சி அடுத்த சித்திர வரைக்கும் இருக்குது, அதுக்கு முப்பது சேரு. சீட்டுத் துணி மாத்துனது, அதுக்குப் பத்துக் கழி. பாய் கணக்குல நாலு லட்சம் வந்துச்சு.

அப்பத்தான் நான் கேட்டேன். பாய், வண்டிக்குச் சுழி ஒண்ணு இருக்குதே, அதுக்கு எத்தன கழிக்கறதுன்னு. சுழின்னா மாட்டு மேல மயிரு சுத்தியிருக்குமுங்க. சில எடத்துல இருந்தா குடும்பத்துக்கு ஆகாதும்பாங்க. நம்பறமோ இல்லியோ, விக்கறவன் அத வாங்கறவனுக்குச் சொல்லிரோணும். சொல்லாம வித்தா அது கொல பாவம். நாப்பது வருசத்துல ஒரு சுழியக் கூட நான் மறச்சதில்லீங்க. கண்ணபுரத்துல வந்து கேட்டுக்கங்க.

பாய்க்கு வெளங்குல. என்ன சுழி, காருக்குன்னாரு. மாமா அதுல போனது உங்குளுக்குத் தெரியாதான்னேன். அவரு ஸ்பேனரக் கீழ வெச்சுட்டு, வண்டி அவரக் கொன்னுச்சா, இல்ல அவரு சாவுக்கு வண்டி கூட இருந்துச்சான்னு கேட்டாரு. கூட இருந்துச்சுன்னா ஒண்ணும் கழிக்காதீங்க, கொன்னுச்சுன்னாக் கழிங்கன்னாரு. வண்டிதான் கொன்னுதுன்னு சொன்னேன். நடு வழியில நின்னுபோச்சே பாய், அப்பவே உங்ககிட்டச் சொன்னனேன்னேன். அவரு அப்பறம் ஸ்பேனர எடுத்துட்டு, உங்க இஷ்டமுங்க, நாப்பதாயரம் கழிச்சுக்கங்கன்னாரு. மூணு அறுவதுன்னு முடிவு பண்ணுனேன். அக்கா ஆப்பரேசனுக்கும் போதும், மருந்து மாத்திரைக்கும் ஆகும். நாயமான வெல. இப்பவும் சொல்றனுங்க, நாயமான வெல.

எங்க வந்திருக்கறமுங்க? அவிநாசிபாளையமா? அதுக்குள்ளயா? பஸ்ஸு நல்லாத்தான் போகுது. நீங்க தண்ணி வெச்சிருக்கறீங்களா? ஒரு வாய் குடுங்க.

போன ஞாயித்துக்கெழம ஒண்டிப்புதூருக்காரரு வந்தாருங்க. ரகுராம்னு பேரு. மில்லு மிசினுக்குப் பார்ட்ஸு பண்றாரு, பழைய காரு ஆறேழு வெச்சிருக்கறாரு. சம்சாரத்தையும் கைக்கொழந்தையும் கூட்டிட்டு வந்திருந்தாரு. வண்டியச் சுத்திச் சுத்தி வந்தாரு. பானட்டத் தூக்கிப் பாத்தாரு, அடியில படுத்துப் பாத்தாரு. அந்தப் புள்ள, அவரு சம்சாரம், கொழந்தைய முன் சீட்டுல உக்கார வெச்சு போட்டோ புடிச்சுது. கண்ணப் பாத்தாலே தெரியுமுங்க, வாங்கற கண்ணா வேடிக்க பாக்கற கண்ணான்னு. வாங்கற கண்ணுதான். எனக்குக் கையி பரபரன்னுச்சு.

துண்ட எடுத்து அவரு கை மேல போட்டேன். ஒரு வெரலு ஒரு லட்சமுங்கன்னேன். அவரு சிரிச்சுட்டாரு, ஆனா கையக் குடுத்துட்டாரு. நல்ல மனுசன். நாலு வெரலப் புடிச்சாரு. சித்த நிறுத்திட்டு, இனி பத்தாயரம்னு வாயில சொல்லிட்டு ரெண்டு வெரலப் புடிச்சாரு. நாலு இருவது. நான் மனசுல வெச்சிருந்தது மூணு அறுவது. அறுவதாயரம் எச்சா குடுக்கறாரு தம்பி. கேக்காமயே குடுக்கறாரு.

வேற எவனா இருந்தாலும் துண்ட எடுத்து ஒதறித் தோள்ல போட்டுட்டு வாழ்த்துச் சொல்லியிருப்பான். துண்டு எடுத்தாச்சுன்னா வெல முடிஞ்சுது. யாராலயும் மாத்த முடியாது. ஆனா எனக்கு நெஞ்சுல இடிச்சுது. சுழியச் சொல்லாம துண்ட எடுக்கறதான்னு. கை உள்ள இருக்கறப்பவே சொல்லிரோணும், அதுதான் மொறை. நானும் சொன்னேன். இந்த வண்டில ஒரு சாவு இருக்குதுங்க, நெஞ்சு வலின்னு எங்க மாமாவக் கொண்டு போறப்ப நடு வழில நின்னுபோச்சு, அதுலதான் உசுரு போச்சு, அதனால நாலு இருவது வேண்டாம், மூணு அறுவது குடுங்க போதும்னேன்.

அவரு கை துண்டுக்குள்ள இருந்து வெளிய போனது எனக்குத் தெரிஞ்சுதுங்க. உருவுல, நழுவுச்சு. அந்தப் புள்ள கொழந்தையத் தூக்கித் தோள்ல போட்டுட்டு நேரா அவங்க காருக்குப் போயி உக்காந்துருச்சு. அவரு மட்டும் நின்னு, யோசிச்சுச் சொல்றனுங்க பெரியவரேன்னு சொல்லிட்டுப் போனாரு. நான் துண்டப் புடிச்சுட்டு அப்பிடியே நிக்கறேன். வெறுங்கை மேல துண்டு.

நாயஸ்தனா இருந்தது தப்புங்களா? சொல்லுங்க, படிச்சவரு நீங்க. மறுநாளே விசயம் பரவிருச்சு. பழைய இரும்புக்காரன் வந்து அறுவதாயரம்னான். காரு புரோக்கரு ஒருத்தன் ஒண்ணேகாலுக்கு மேல காலணா இல்லைன்னான். தாவூது பாய் ஒரு மாசம் டைம் குடுங்க, ஆளு பாக்கறேங்கறாரு. ஒரு மாசம்.

ஞாயித்துக்கெழம அவங்க காரு போனதும் அக்கா உள்ள இருந்து கூப்புட்டாங்க. ஜன்னலோரம்தான் கட்டலு, எல்லாங் கேட்டுட்டுத்தான் இருந்திருக்கறாங்க. வையட்டும்னு போயி நின்னேன். வையிலீங்க. வாய் தொறந்தாலே மூச்சு வாங்குது, மெதுவாச் சொன்னாங்க.

“சென்னி, அந்த வண்டி ஒரு நாளும் வழில நின்னதில்லடா.”

அன்னைக்கு நின்னுதே அக்கான்னேன்.

“அன்னைக்கும் நிக்கல. நீ நிறுத்துன. கருமாதிக்கு வந்திருந்தாரே கரூர்க்காரரு, அவரே சொல்லிட்டுப் போனாரு. இந்தத் துக்கத்துக்கு நடுவுலயும் உங்க தம்பி வாக்கு மாறாம எனக்குக் காளை முடிச்சுக் குடுத்தாருங்கம்மான்னு, கையெடுத்துக் கும்புட்டுப் பெருமையாச் சொன்னாரு.”

பதினோரு வருசமுங்க. கருமாதியன்னைக்கே தெரியுமாமா. கட்டலு மேலயே உக்காந்துட்டேன் தம்பி. ஏனக்கா எங்கிட்டக் கேக்குலைன்னேன்.

“கேட்டிருந்தா அன்னைக்கே எனக்குத் தம்பியும் இல்லாமப் போயிருப்பான். ஊட்டுக்காரரும் போயிட்டாரு. அப்பறம் எனக்கு யாருடா இருக்கறா?”

எம் பேர்ல கோவமா சொல்லியிருந்தாத் தாங்கியிருப்பனுங்க. இட்லிக்கு மாவு இருக்குதாங்கற மாதிரிச் சொன்னாங்க. வெள்ளிக்கெழம தவறாம அந்த வண்டியத் தாவூது பாயக் கூப்புட்டு ஸ்டார்ட் பண்ண வெச்சுட்டு இருந்தாங்களே, அது ஏன்னு எனக்கு ஒரு நாளும் தோணுனதே இல்லீங்க. மாமா ஞாபகம்னு நெனச்சேன். ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் அது ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆகும். நான் வாசல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருப்பேன்.

நீங்க ஒண்ணும் தப்பா நெனச்சுக்காதீங்க. நடந்தத நான் சொல்லிப்போடறேன். பங்குனி மாசம், திங்கக்கெழம. அக்கா மாமியா ஊட்டு விசேசத்துக்குப் போயிருந்தாங்க, ஊட்டுல நானும் மாமாவும்தான். நெஞ்சப் புடிச்சுட்டு, சென்னி, கோயமுத்தூருக்கு உடுறான்னாரு. பின்னால படுக்க வெச்சுட்டு நான்தான் ஓட்டுனேன். அன்னைக்கு வழியில ரோட்டோரத்துச் சந்தப்பேட்டைல எனக்கு ஒரு சோடிக் காளை பேசி முடிக்க வேண்டியது. வாங்கற கரூர்க்காரரு நாலு நாளாக் காத்திருக்கறாரு. ஆளுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்தர்றேன் மாமான்னேன். போயிட்டு வாடான்னுதான் சொன்னாரு. அவரே சொன்னாருங்க. வலி கொறஞ்சிருக்குதுன்னாரு. சத்தியமாச் சொன்னாரு.

ரெண்டு நிமிசம். போனதும் அந்தாளு எங் கையப் புடிச்சுத் துண்டப் போட்டுட்டான். நான் என்ன பண்றது? கைய உருவிட்டு வர முடியுமுங்களா? முன்னாலயே சொன்னனே உங்ககிட்ட, ஞாபகம் வெச்சுக்கங்கன்னு. பேச்சு முடிஞ்சாத்தான் துண்டு எடுக்கோணும். முடிச்சுட்டு ஓடி வந்தேன். மாமா தண்ணி கேட்டாரு. குடுத்தேன். வண்டி ஸ்டார்ட் ஆறப்ப ஒரு முக்கு முக்குச்சு. முக்குச்சுங்க. அதத்தான் நான் நின்னுபோச்சுன்னு சொன்னேன். முழுப் பொய்யுன்னு சொல்ல முடியாது.

பொங்கலூரு தாண்டிப் பின்னால சத்தம் இல்லீங்க. மாமா மாமான்னு கூப்புட்டுட்டே ஓட்டுனேன், திரும்பிப் பாக்கல. பல்லடத்துல ஒரு டாக்டருகிட்ட நிறுத்துனேன். கையப் புடிச்சுப் பாத்துட்டு, அர மணி நேரம் முன்னால கொண்டு வந்திருந்தா ஏதாச்சும் பண்ணியிருக்கலாமுங்களேன்னாரு. அப்ப வாயில வந்துச்சு, வண்டி நின்னுபோச்சுங்க டாக்டருன்னு. யோசிச்சுச் சொல்லுல. தானா வந்துச்சு. அப்பறம் அக்காகிட்ட அதையே சொன்னேன், பாய்கிட்ட அதையே சொன்னேன், எழவுக்கு வந்த நூறு பேருகிட்டயும் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல நெசமாவே வண்டி நின்ன மாதிரி ஆயிப்போச்சுங்க. ராத்திரில கனவு வந்தாக்கூட வண்டிதான் நிக்குது, நான் பானட்டத் தூக்கிப் பாக்கறேன்.

அக்கா அன்னைக்குக் கடசியா ஒண்ணு கேட்டாங்க. எத்தன நேரம்டா நின்ன அங்கன்னாங்க. ரெண்டு நிமிசம்னேன். அக்கா மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிட்டாங்க. அந்தப் பக்கம் பாத்துட்டே சொன்னாங்க.

“வண்டி மேல போட்ட பழிய எடுத்துப் போடு சென்னி. எனக்குப் பொழைக்கோணும்னு இருக்குது.”

அதுக்குத்தான் போயிட்டு இருக்கறனுங்க. இன்னைக்குக் காலைல ரகுராமுக்குப் போன் பண்ணுனேன். அவரு தன்மையாத்தான் பேசுனாரு. சாவு நடந்த வண்டின்னு எனக்கு ஒண்ணும் இல்லீங்க பெரியவரே, பழைய வண்டின்னா நாலு நல்லது கெட்டது இருக்கத்தான் செய்யும், ஆனா அவசரத்துக்கு நடு ரோட்டுல நின்ன வண்டில கொழந்தைய ஏத்த மாட்டேன்னு ஊட்டுல சொல்றாங்கன்னாரு. தாவூது பாய் கூட அவருகிட்டப் பேசுனாராமா, வண்டி நிக்காதுன்னு அடிச்சுச் சொன்னாராமா. மெக்கானிக்கு சொன்னா நம்புவாங்களா, இல்ல செத்தவரு மச்சினன், தரகன், சென்னியப்பன் சொன்னதை நம்புவாங்களா? எம் பேச்சத்தான் நம்புவாங்க. எம் பேச்ச எல்லாருமே நம்புவாங்க தம்பி. அதுதான் வெனை.

போன்லயே சொல்லியிருக்கலாம். வண்டி நிக்குல, நான்தான் நிறுத்துனேன்னு நாலு வார்த்தை. வாயத் தொறந்தேன், வருல. வெச்சுட்டேன். அதுக்கப்பறம் கூப்புட்டா அவரு எடுக்கல. வேலையா இருப்பாரு. அதுதான் நேர்ல போறேன். அந்தப் புள்ளையும் இருக்கோணும், அது முன்னால சொல்லோணும். சொன்னா இனிமே சென்னியப்பன் துண்டுக்கு மருவாத இருக்காது. ஒண்டிப்புதூருல சொன்னது ஒரு வாரத்துல கண்ணபுரத்துக்கு வந்துரும். வரட்டும். அக்கா பொழைக்கட்டும். வந்தாலும் இனி எத்தன சந்த பாக்கப் போறேன், அறுவத்தெட்டு ஆச்சு.

ஆனா ஒண்ணு தம்பி. எனக்கு அது மட்டும்தான் பயமா இருக்குது. சொன்னதும் அந்தப் புள்ள கேக்குமுங்க. பொம்பளைக கேப்பாங்க. எத்தன நேரம் நின்னீங்கன்னு கேக்கும். ரெண்டு நிமிசம்னா, ரெண்டு நிமிசத்துல என்ன வந்துரும், மறுபடியும் வண்டி மேலதான் சந்தேகம் வரும். அஞ்சு நிமிசம்னு சொல்லலாமா? சோடிக் காளைக்கு அஞ்சு நிமிசத்துல வெல முடியாதுன்னு தெரிஞ்சவனுக்குத் தெரியும். கா மணி நேரம்னா? காலைல இருந்து வாய்க்குள்ள சொல்லிச் சொல்லிப் பாக்கறேன். நெசத்த மட்டும் சொல்ல வாயி வருல.

வெளிய என்னுங்க அது, இடது பக்கம்? தகரக் கூரை போட்டு, பெரிய கேட்டு இருக்குதுங்களா? இருக்குதா. பூட்டியிருக்குமுங்க, இன்னைக்குச் செவ்வாக்கெழம. திங்கக்கெழமச் சந்தையன்னைக்குத்தான் கூட்டம். இல்லீங்க, நான் பாக்கல. தாண்டிருச்சா? தாண்டிருச்சா தம்பி?

உங்க கையக் குடுங்க. பயப்படாதீங்க, பைத்தியமில்ல நானு. பக்கத்துச் சீட்டு அம்மா பாத்தாப் பாக்கட்டும். இந்தத் துண்ட இப்பிடிப் போட்டுக்கறேன். வாயில வராதது வெரலுல வருதான்னு பாக்கறேன், நாப்பது வருசப் பழக்கமில்லீங்களா. ஒரு வெரலு பத்து நிமிசமுங்க. முன்னாலயே சொல்லிப்போட்டேன்.

ஒண்ணு.

கைய உருவாதீங்க. நாந்தான் சொன்னனே, நடுவுல உருவக்கூடாது. அன்னைக்கு நானு உருவியிருக்கலாம். காருல இருந்து ஆரன் சத்தம் கேட்டுச்சு தம்பி, ரெண்டு தடவ. மாமா முன் சீட்டுக்கு எட்டி அமுத்தியிருக்கறாரு. கரூர்க்காரரு முப்பதாயரத்துல நிக்கறாரு, நான் முப்பத்திரெண்டுல நிக்கறேன். ஆரன் கேக்குது. கை உள்ள இருக்குது. ரெண்டு.

மூணு.

எண்ணிட்டீங்களா? இருங்க, இன்னும் முடியல. இந்தச் சுண்டு வெரலையும் புடிச்சுக்கறேன். நாலு. அவ்வளவுதானுங்க, அதுக்கு மேல இல்ல. நாலு வெரலு.

இப்பத் துண்ட எடுக்கறேன். எடுத்தாச்சுன்னா வெல முடிஞ்சுது, இனி மாத்த முடியாது. மணி என்ன ஆச்சுங்க, பாத்துச் சொல்லுங்க. நாலு மணிக்குள்ள போயிருவமுங்களா?